தரைக்குக் கீழே கரன்ட் வலை, அதற்குத் தெர்மோஸ்டாட்: மாபிள் பாஸ் வருமுன் கேட்டுக்கொள்கிறேன்

ஹாவாஎலிய_வீடு (ஜனவரி 8, இரவு 9.12)

வணக்கம். நுவரெலியாப் பக்கம் ஹாவாஎலியவில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் இரண்டு அறையும் ஒரு பாத்ரூமும் புதிதாகக் கட்டியிருக்கிறோம். ஏப்ரல் சீசனுக்குத் தங்க வருகிறவர்களுக்கு விடுவதாக யோசனை. இப்போது விடியற்காலையில் அறைக்குள்ளேயே 11 டிகிரி காட்டுகிறது, வெறுங்காலைத் தரையில் வைக்க முடியவில்லை. டொரன்டோவில் இருக்கிற அத்தான் "அங்கே மாபிளுக்குக் கீழே கரன்ட் வலை விரிப்போம், தரையே கதகதப்பாக இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். போன மாதம் வந்தபோது மூன்று சுருள் வலையும், சூட்டைப் பார்த்துக் கரன்ட்டை வெட்டிக் கொடுக்கிற தெர்மோஸ்டாட் மூன்றும் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டார். அறை ஒவ்வொன்றிலும் 8 சதுர மீட்டருக்கு விரிக்கலாம், பாத்ரூமில் 3.

வயரிங் செய்கிற தம்பி இதை முன்னே பின்னே பார்த்ததில்லை. "கீசர் மாதிரித்தான் அண்ணே, லைனைக் கொடுத்தால் சுடும்" என்கிறான். மாபிள் பதிக்கிற மேசன் பாஸ் திங்கட்கிழமை வருகிறார். தெர்மோஸ்டாட்டை எங்கே வைக்க வேண்டும்? அதோடு ஒரு நீள வயரும் நுனியில் கறுப்புக் குமிழும் வந்திருக்கிறது, அது எதற்கு? செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

விறகடுப்பு (9.31)

அண்ணே, குறை நினைக்க வேண்டாம். ஜன்னல் இடுக்கில் காற்று வருகிறதா, மேலே சீலிங் அடித்தாயிற்றா என்பதை முதலில் பாருங்கள். தகரத்துக்குக் கீழே ஒன்றுமே இல்லாமல் தரையைச் சுட வைத்தால், அந்தச் சூடு பிதுருதலாகல மலையில் இருக்கிற மேகத்துக்குத்தான் போகும். எங்கள் வீட்டில் கம்பளியும் சுடுதண்ணீர் போத்தலும்தான். இதுவரை யாரும் செத்துப்போகவில்லை.

வயரிங்_தாத்தா (10.05)

விறகடுப்பு தம்பி சொல்வது நியாயம்தான், சீலிங் இல்லையென்றால் அது முதலில். ஆனால் எனக்கு அதைவிட அவசரமான கேள்வி ஒன்று இருக்கிறது.

வலையிலிருந்து வரும் வயரின் நுனியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எத்தனை வோல்ட், எத்தனை வாட் என்று மூன்று சுருளையும் தனித்தனியாகப் பார்த்து எழுதுங்கள். கனடா சாமான் என்கிறீர்கள். பதில் வரும்வரை "சும்மா ஒரு நிமிஷம் கொடுத்துப் பார்ப்போம்" என்றுகூட எதிலும் கொடுக்கவேண்டாம். சுருட்டி வைத்த வலைக்குக் கரன்ட் கொடுத்தால் அது தன்னைத்தானே சுட்டுக்கொள்ளும்.

ஹாவாஎலிய_வீடு (10.40)

தாத்தா, பார்த்துவிட்டேன். பெரிய சுருள் இரண்டிலும் 240 வோல்ட், 1200 வாட். பாத்ரூமுக்கான சின்னதில் 120 வோல்ட், 450 வாட். தெர்மோஸ்டாட்டில் 120/240 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறது. 240 நமக்குச் சரிவரும் அல்லவா?

வயரிங்_தாத்தா (11.18)

கேட்டது நல்லதாய்ப் போயிற்று.

சின்ன வலையை அப்படியே சுற்றி அத்தானிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 120 வோல்ட்டுக்கு 450 வாட் என்றால் அதன் தடை 32 ஓம். நம் 230-ஐக் கொடுத்தால் 7 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், 1650 வாட் வரும். வோல்ட் ஏறக்குறைய இரண்டு மடங்குதான், ஆனால் சூடு கிட்டத்தட்ட நாலு மடங்கு. சதுர மீட்டருக்கு 150 வாட் என்று செய்த சாமானில் 550 வாட் ஏறினால் மாபிள் வெடிக்கும், அல்லது உள்ளே கேபிள் கருகும். 16 ஆம்பியர் பிரேக்கர் அதைக் கண்டுகொள்ளாது. 7 ஆம்பியர் அதற்கு ஒன்றுமேயில்லை.

பெரிய இரண்டும் பாவிக்கலாம். தடை 48 ஓம். 230-இல் 4.8 ஆம்பியர், 1100 வாட் போல வரும். கொஞ்சம் குறைவுதான், தோஷமில்லை. ஆனால் ஒன்று: கனடாவில் 240 என்பது கரன்ட் உள்ள இரண்டு வயருக்கு இடையில் வருவது. ஒவ்வொரு வயரும் எர்த்துக்கு 120 மட்டும்தான். நமக்கோ 230 முழுவதும் ஒரே வயரில் வருகிறது, மற்றது நியூட்ரல். ஆகவே கேபிளின் காப்பு எத்தனை வோல்ட் தாங்கும் என்று அதன் மேல் அச்சடித்திருப்பதையும் பாருங்கள். 300 அல்லது 600 இருந்தால் பரவாயில்லை.

தெர்மோஸ்டாட் மூன்றையும் மறந்துவிடுங்கள். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. பிறகு ஒரு நாள் பழுதானால் எடுத்துப் பார்க்க இங்கே ஆளில்லை. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 16 ஆம்பியர் என்று முகத்திலேயே எழுதியிருப்பதை வாங்குங்கள்.

அப்புத்தளை_அக்கா (ஜனவரி 9, காலை 6.50)

அந்த 16 ஆம்பியர் என்பதை இரண்டு தடவை கோடு போட்டு வையுங்கள் தம்பி. நான் பட்ட கதையைச் சொல்கிறேன்.

எங்கள் தங்கும் வீட்டில் ஒரு அறைக்கு 1300 வாட் வலை போட்டோம். தெர்மோஸ்டாட்டை ஒன்லைனில் வாங்கினேன். கண்ணாடி முகம், தொட்டால் நீல வெளிச்சம், பார்க்க அவ்வளவு அழகு. பதினொரு நாள் நன்றாக ஓடியது. பன்னிரண்டாம் நாள் இரவு அறைப்பக்கம் மீன் பொரிக்கிற வாசம். பக்கத்து வீட்டில் கருவாடு போடுகிறார்கள் என்று நினைத்துப் படுத்துவிட்டேன். விடியற்காலையில் எழுந்து பார்த்தால் கண்ணாடி முகத்தின் கீழ் மூலை மஞ்சளாகி வளைந்திருக்கிறது. திரையில் "நிறுத்தம்" என்று காட்டுகிறது, தரையோ கால் வைக்க முடியாத சூடு.

கழற்றிப் பார்த்த வயரிங் பாஸ் பின்பக்கத்தை எனக்குக் காட்டினார். பொடி எழுத்தில் 3 ஆம்பியர். அது சுடுதண்ணீர் பைப் ஓடுகிற தரைக்கு, வால்வைத் திறந்து மூடுவதற்குச் செய்தது. அதில் 5.7 ஆம்பியர் ஓடவிட்டால் உள்ளே கரன்ட்டை வெட்டிக் கொடுக்கிற ரிலேயின் முனை இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் திரை என்ன சொன்னாலும் கரன்ட் போய்க்கொண்டே இருக்கும். வெளிப்பார்வைக்கு 3-உம் 16-உம் ஒரே அச்சு. விலை கூட ஒன்றுதான்!

அன்றிலிருந்து இரண்டு பழக்கம். மீன் வாசம் வந்தால் முதலில் ஸ்விட்ச்சைத்தான் பார்ப்பேன், சட்டியை அல்ல. இரண்டாவது, தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால் கீசருக்குப் போடுகிற மாதிரி லைன், நியூட்ரல் இரண்டையும் வெட்டுகிற 20 ஆம்பியர் டபுள் போல் ஸ்விட்ச் ஒன்று, சிவப்பு லைட்டோடு. திரையில் அணைப்பது அணைப்பு அல்ல.

மாபிள்வேலை_பண்டாரவளை (காலை 8.15)

அக்கா சொன்னது கரன்ட் பக்கம். நான் தரைப் பக்கம் சொல்கிறேன். இந்த வலை இதுவரை நாலு இடத்தில் விரித்திருக்கிறேன், ஒன்றில் கேபிளை நானே வெட்டியும் இருக்கிறேன்.

அந்தக் கறுப்புக் குமிழ்தான் சென்சர். தரை எவ்வளவு சூடு என்று தெர்மோஸ்டாட்டுக்குச் சொல்வது அது. அதை நேரே பசைக்குள் புதைக்காதீர்கள். சுவரிலிருந்து தரைக்குள் அரை மீட்டர் வரை சின்னக் கொண்டியூட் பைப் ஒன்றைக் காடி வெட்டிப் பதித்து, அதற்குள் சென்சரைத் தள்ளுங்கள். பைப்பின் தரைப்பக்க வாயை டேப் சுற்றி நன்றாக அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் மாபிள் பசை உள்ளே ஏறி இறுகிவிடும். சென்சர் செத்தால் கழற்ற வழியில்லை, மாபிளை உடைக்க வேண்டியதுதான். சுவரும் தரையும் சேர்கிற மூலையில் பைப்பைப் பட்டென்று மடக்காமல் அகலமாக வளையுங்கள். மாபிள் போடுமுன் சென்சரை ஒரு தடவை முழுதாக வெளியே இழுத்துத் திரும்ப உள்ளே விட்டுப் பாருங்கள். இப்போது போகவில்லையென்றால் இனி எப்போதும் போகாது.

பைப் கேபிளின் இரண்டு ஓட்டத்துக்கு நடுவே சரிபாதியில் போக வேண்டும். ஒரு கேபிளோடு ஒட்டினால் தரை சுடுமுன்பே சென்சருக்குச் சுட்டுவிடும். சுடுதண்ணீர் பைப் போகிற இடமும் வேண்டாம், வெயில் விழுகிற ஜன்னலடியும் வேண்டாம்.

வலையைத் திருப்ப வேண்டுமென்றால் நைலோன் பின்னலை மட்டும் வெட்டலாம். கேபிளை ஒருபோதும் வெட்டக்கூடாது. நீளம் மிஞ்சினால் "கொஞ்சம் குறைத்துவிடுவோம்" என்று யாராவது சொன்னால் அவரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துங்கள். குறைத்தால் தடை குறையும், சூடு கூடும். சுவர் வரை வருகிற சாதா வயரை மட்டும் குறைக்கலாம். ஒரு கேபிள் மேல் இன்னொன்று ஏறக்கூடாது. அலமாரி நிற்கிற இடம், கொமட் வருகிற இடம், கதவு முட்டாமல் இருக்கத் தரையில் அடிக்கிற ஸ்டொப்பர் வருகிற இடம், எல்லாவற்றையும் முன்கூட்டியே விட்டுவிடுங்கள். கொமட் ஆணிக்கு ட்ரில் போட்டு வலையை ஓட்டையாக்கியவர்கள் இருக்கிறார்கள்.

வலைக்குக் கீழே காப்புப் பலகை 10 மில்லியாவது போடுங்கள். நம் ஊர்க் கொங்கிறீட் தரை அடியில் மண்ணோடு ஒட்டியிருக்கும், பலகை இல்லாவிட்டால் பாதிச் சூடு மலைக்குள் இறங்கும். பலகை போட்ட தரை அரை மணி, முக்கால் மணியில் கதகதப்பாகும். போடாத தரைக்கு இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

வயரிங்_தாத்தா (காலை 9.02)

மாபிள் தம்பி சொன்ன சென்சர் இடம்தான் இதில் முக்கால்வாசி. நான் தேயிலை ஃபெக்டரியில் முப்பது வருஷம் கரன்ட் வேலை பார்த்தவன். டிரையரில் தெர்மாமீட்டரை எங்கே சொருகுகிறோம் என்பதில்தான் தூள் கருகுமா கருகாதா என்பது இருக்கிறது. மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லை. இங்கேயும் அதே கதை.

சென்சர் விஷயத்தில் இன்னொரு குழி இருக்கிறது. பெரும்பாலான சென்சர் 25 டிகிரியில் 10,000 ஓம் காட்டும், குளிரக் குளிர ஓம் கூடும். 15 டிகிரியில் 15,000-ஐத் தாண்டும். ஆனால் சில கம்பனிகள் 12,000, 15,000 ஓம் சென்சரும் செய்கின்றன. வலையோடு வந்த சென்சரையும் கடையில் வாங்கின தெர்மோஸ்டாட்டையும் கலந்தால் என்ன ஆகும்? 12,000 ஓம் சென்சரை 10,000-க்குச் செய்த தெர்மோஸ்டாட்டில் மாட்டினால், தரை 25-இல் இருக்கும்போது திரையில் 21 என்று வரும். "இன்னும் குளிர்கிறது" என்று அது மேலும் மேலும் சுட வைக்கும். அதனால் தெர்மோஸ்டாட்டோடு வருகிற சென்சரையே போடுங்கள். கனடாக் குமிழும் போகட்டும்.

மாட்டும் முறை. அறையில் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் போல உயரம், கதவுக் காற்று நேரே அடிக்காத உட்சுவர். பாத்ரூமுக்கு உரிய தெர்மோஸ்டாட்டை வெளியே வையுங்கள், நாம் பாத்ரூம் லைட் ஸ்விட்சை வெளியே வைக்கிற மாதிரி. சென்சர் பைப்பைச் சுவருக்கு அடியால் விடலாம். சுவருக்குள் பதிக்கிற சன்க் பொக்ஸ் ஆழமாக, 35 மில்லிக்குக் குறையாமல், 47 கிடைத்தால் இன்னும் நல்லது. ஆழம் போதாவிட்டால் வயரை அமுக்கித் திணிப்பார்கள், டெர்மினல் லூசாகும்.

பின்னால் ஆறு டெர்மினல் இருக்கும். வருகிற லைன், நியூட்ரல். வலைக்குப் போகிற லைன், நியூட்ரல். மிச்சம் இரண்டு சென்சருக்கு, அதில் எது எந்தப் பக்கம் என்ற பேதமில்லை. ஆனால் மெயின் கரன்ட் தவறிக்கூட அந்த இரண்டில் ஏறக்கூடாது. வலையின் கேபிளைச் சுற்றியிருக்கிற எர்த் பின்னலுக்குச் சில தெர்மோஸ்டாட்டில் டெர்மினலே இருக்காது. "இடமில்லை அண்ணே" என்று அதை வெட்டி டேப் சுற்றிவிடுவார்கள். அதை மட்டும் விடாதீர்கள். தனிக் கனெக்டரில் வீட்டு எர்த்தோடு சேர்க்க வேண்டும். வயர் 2.5 சதுர மில்லி, பிரேக்கர் 16 ஆம்பியர்.

இதெல்லாம் மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகு. வேலை தெரிந்த, என்.வி.கியு. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் உள்ள ஆள் செய்யட்டும். உங்கள் வயரிங் தம்பியிடம் இதை வாசிக்கக் கொடுங்கள், கோபிக்கமாட்டான்.

பேராதனை_கரன்ட்பெடியன் (முற்பகல் 11.20)

எர்த் பற்றி ஒன்று சேர்க்கிறேன் தாத்தா. நம் நாட்டில் வீடுகளுக்கு வருகிற லைனோடு எர்த் வருவதில்லை. வாசலில் அடிக்கிற கம்பிதான் நம் எர்த். ஹாவாஎலியப் பக்கம் கல்லும் பாறையும், கம்பியின் தடை 50 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரத் தரைக்குள் கேபிள் காப்பு உடைந்து கரன்ட் எர்த்துக்குப் போனால் 230-ஐ 50-ஆல் வகுக்க, 4.6 ஆம்பியர். 16 ஆம்பியர் பிரேக்கர் விழவே விழாது. தரையும் எர்த்தில் தொட்ட எல்லா இரும்பும் கரன்ட்டோடு கிடக்கும். கசிவைக் கண்டு வெட்டுவது 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் ஸ்விட்ச் மட்டும்தான். அது இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது.

முடிந்தால் தரைக்கென்று தனியாக ஒரு ட்ரிப் போடுங்கள். பிரேக்கரும் ட்ரிப்பும் ஒன்றாய் வருகிறதே, அது. இல்லையென்றால் ஈரத்தில் ஒரு சின்னக் கசிவு வந்தாலும் வீடு முழுக்க இருட்டாகிவிடும். நம் ஆள் பொறுமை இழந்து ட்ரிப்பைச் சுற்றி நேரே வயர் கொடுத்துவிடுவார். எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன்!

விறகடுப்பு (பகல் 12.10)

சரி, இவ்வளவு செய்து மாதக் கடைசியில் பில் வருமே, அதை யார் கட்டுவது?

அப்புத்தளை_அக்கா (பகல் 1.35)

நியாயமான கேள்வி. 1100 வாட் வலை ஒரு மணி முழுதாக ஓடினால் 1.1 அலகு. ஆனால் தெர்மோஸ்டாட் வெட்டி வெட்டித்தான் ஓட்டும். என் அறையில் மாலை 6-லிருந்து 10 வரை, விடிய 5-லிருந்து 8 வரை, ஏழு மணி நேரத்தில் உண்மையாக ஓடுவது நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. ஒரு இரவுக்கு நாலரை அலகு என்று வையுங்கள். இரண்டு அறை, முப்பது இரவு என்றால் 270. வீட்டு மீட்டரில் 180 அலகைத் தாண்டினாலே மேல் அடுக்கு விலை, ஆகவே ஆள் இல்லாத அறையைச் சுட வைக்கவே கூடாது. ஹோட்டல் கணக்கில் நேரம் பார்த்து விலை போடுகிற மீட்டர் இருந்தால் மாலை 6.30-இலிருந்து 10.30 வரைதான் கொள்ளை. அவர்கள் 6-க்கே தரையைச் சுட வைத்துவிட்டு, பிறகு இரண்டு டிகிரி இறக்கி வைக்கலாம். மாபிள் சூட்டைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கும்.

இன்னொன்று தம்பி. 30 ஆம்பியர் கனெக்‌ஷன் என்றால் மொத்தமே 6900 வாட். இரண்டு தரை, ஒரு பாத்ரூம் தரை, அதோடு காலையில் இரண்டு பேர் ஒரே நேரம் சுடுதண்ணீர் ஷவரைத் திறந்தால் மெயின் விழுந்துவிடும். தரையை 5-க்கு ஏற்றி 6.30-க்கு இறக்கினால் ஷவர் நேரத்துக்கு இடம் கிடைக்கும்.

விறகடுப்பு (பகல் 1.50)

270 அலகா! நான் போத்தலோடே இருந்துகொள்கிறேன் அக்கா. ஆனால் ஒன்று ஒத்துக்கொள்கிறேன். தங்க வருகிற ஆட்கள் குளிர் தாங்காமல் கரிச்சட்டியை அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்துவதை விட இது எவ்வளவோ மேல். அதிலிருந்து வரும் நச்சுக் காற்று வாசமே இல்லாமல் ஆளைத் தூக்கத்திலேயே முடித்துவிடும்.

ஹாவாஎலிய_வீடு (ஜனவரி 15, பிற்பகல் 3.25)

அவசரம். மாபிள் வேலை நடந்துகொண்டிருக்கிறது. முதல் அறை முடிந்தது, மீட்டரில் வலையின் தடை விரிக்குமுன் 47.8 ஓம், விரித்த பின் 47.9, மாபிளுக்குப் பின் 48. இரண்டாவது அறையில் காலையில் 48.2 இருந்தது. நாலு மாபிள் வைத்தாயிற்று, இப்போது மீட்டர் ஒன்றுமே காட்டவில்லை, வயர் அறுந்த மாதிரி. பாஸ் "மீட்டர் பழுது" என்கிறார். என்ன செய்ய?

மாபிள்வேலை_பண்டாரவளை (3.31)

வேலையை நிறுத்துங்கள். மீட்டர் முனை இரண்டையும் ஒன்றோடு ஒன்று தொட்டுப் பாருங்கள், பூஜ்ஜியம் வந்தால் மீட்டர் நல்லாயிருக்கிறது. பாஸ் கையில் இருக்கிறது இரும்புப் பல் கரண்டியா? நாலு மாபிளையும் பசை காயுமுன் தூக்கிக் கழுவுங்கள். கேபிள் அந்த நாலு மாபிளுக்குள்தான் எங்கோ வெட்டுப்பட்டிருக்கிறது. மீட்டர் சொன்னதால் நாலு மாபிளோடு போயிற்று. கடைசியில் பார்த்திருந்தால் அறை முழுக்க உடைக்க வேண்டும்.

ஹாவாஎலிய_வீடு (3.58)

மீட்டர் சரி. மூன்றாவது மாபிளுக்குக் கீழே, கரண்டிப் பல் பட்ட இடத்தில் கேபிள் அரை அறுப்பு, உள்ளே செம்பு தெரிகிறது. பாஸ் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

வயரிங்_தாத்தா (4.20)

டேப் சுற்றி மூடாதீர்கள். அந்த இடத்தைக் கழுவி, காயவைத்து, பொலித்தீன் போட்டு மூடிவிடுங்கள். வலைக்கென்றே ரிப்பேர் கிட் உண்டு. இறுக்கி அமுக்குகிற குழாயும் சூட்டில் சுருங்கும் உறையும் இருக்கும். நாளை மறுநாள் கொழும்பிலிருந்து எடுத்துவரச் சொல்கிறேன். நான் தலவாக்கலையில்தான் இருக்கிறேன், காப்பைச் சோதிக்கிற மெகர் மீட்டரோடு வருகிறேன். ஒட்டின பின் வெறும் ஓம் பார்த்தால் போதாது. 500 வோல்ட் கொடுத்து கேபிளுக்கும் எர்த் பின்னலுக்கும் நடுவே காப்பு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சாப்பாடு மட்டும் போடுங்கள்.

ஹாவாஎலிய_வீடு (பெப்ரவரி 20, இரவு 8.40)

எல்லாருக்கும் நன்றி. தாத்தா வந்தார். ஒட்டினார், மெகர் பிடித்தார், மீன் குழம்பு நன்றாயிருக்கிறது என்றார். பாத்ரூமுக்கு 230 வோல்ட் வலை புதிதாக வாங்கினோம், அது 450 வாட், 117 ஓம். தெர்மோஸ்டாட் மூன்றும் 16 ஆம்பியர், சென்சர் அவற்றோடு வந்ததே. பசை காய்வதற்குப் பையில் போட்டிருந்த நாளைவிட ஒரு வாரம் கூடவே விட்டோம், இங்கே இருக்கிற ஈரத்துக்கு. பிறகு முதல் நாள் 18, மறுநாள் 20 என்று மெல்ல ஏற்றினோம்.

இப்போது ஒரு கேள்வி. தெர்மோஸ்டாட்டில் காற்றை அளப்பது, தரையை அளப்பது, இரண்டும் என்று மூன்று வகை இருக்கிறது. எதில் வைப்பது? தரை உச்சத்தை 45 வரை ஏற்றலாம் என்கிறது. அம்மாவுக்கு 40 வேண்டுமாம்.

வயரிங்_தாத்தா (9.15)

பாத்ரூமில் தரை மட்டும். அறையில் இரண்டும்: காற்று 19, 20 என்று வைத்து, தரை உச்சத்தை 29-இல் பூட்டுங்கள். ஆட்கள் நடமாடுகிற தரைக்கு 29, பாத்ரூமுக்கு 33 என்பது ஐரோப்பியத் தரம் வைத்திருக்கிற எல்லை. அதற்கு மேல் வேண்டாம். காற்றை மட்டும் அளக்கும் வகையை எடுக்கவே எடுக்காதீர்கள். யாராவது ஜன்னலைத் திறந்து வைத்தால் அறை சூடாகாது, தெர்மோஸ்டாட்டும் நிற்காது, தரை ஏறிக்கொண்டே போகும். உங்கள் பழைய வீட்டுப் பக்கம் பலகைத் தரை இருக்கிறதே, அங்கே இதை நினைக்காதீர்கள். பலகைக்கு 27-ஐத் தாண்டினால் வெடிப்பு விழும்.

அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா? கால் மரத்துப்போனவர்களுக்குச் சூடு உறைக்காது, நின்றுகொண்டே புண்ணாக்கிக்கொள்வார்கள். 40 என்பதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்தப் பூட்டு எண்ணையும் யாரிடமும் சொல்லாதீர்கள், விருந்தாளிகள் பொழுதுபோகாமல் நோண்டுவார்கள்.

ஏப்ரலில் பிற்பகல் இடி தொடங்கும். மலைக்கு மேல் கறுத்தால் டபுள் போல் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். கரன்ட் போய் வந்தபின் தெர்மோஸ்டாட்டில் மணி சரியா என்றும் பாருங்கள். கடிகாரம் பூஜ்ஜியத்துக்குப் போய்விட்டால் நடுப்பகலில் தரையைச் சுட வைத்துக்கொண்டிருக்கும். ட்ரிப்பின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு தடவை அமுக்குங்கள். விழாவிட்டால் அன்றே மாற்றுங்கள்.

ஹாவாஎலிய_வீடு (ஏப்ரல் 3, இரவு 10.05)

சீசன் தொடங்கிவிட்டது, இரண்டு அறையும் நிறைந்திருக்கிறது. இன்று வத்தளையிலிருந்து ஒரு குடும்பம், ஒரே அறைக்கு ஆறு பேர். "தரைதான் சுடுகிறதே, மெத்தை விரித்துப் பிள்ளைகளைக் கீழே படுக்க வைக்கிறோம்" என்கிறார்கள். கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. விடலாமா?

அப்புத்தளை_அக்கா (10.09)

வேண்டாம் தம்பி! மெத்தை போட்ட இடத்தில் சூடு மேலே போகாமல் அடியிலேயே தேங்கும். உங்கள் சென்சர் சுவரோரம் மெத்தை இல்லாத இடத்தில் இருக்கும், அங்கே 26 காட்டும். மெத்தைக்கு அடியில் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ரப்பர் அடி கம்பளமும் அப்படித்தான். கால் இல்லாத கட்டிலும் அப்படித்தான்.

வயரிங்_தாத்தா (10.22)

அக்கா சொன்னதே. பிள்ளைகள் கீழே படுத்தால் தரையை அணைத்துவிட்டுப் படுக்கட்டும்.

ஹாவாஎலிய_வீடு (10.51)

அணைத்தால் குளிருமே என்று அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மடக்குக் கட்டில் இரண்டு எதிர்வீட்டில் வாங்கிப் போட்டுக் கொடுத்துவிட்டேன், அடியில் ஒரு அடி இடைவெளி இருக்கிறது. தரை 27. சின்னவன் மட்டும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு வரமாட்டேன் என்கிறான்.